‘ஹேவ்’ என்ற ஒரு சொல்லுக்கு ஆறு சனிக்கிழமை: வெள்ளவத்தையில் ஒரு எழுத்து ஆங்கில வகுப்பு

போன மாதம் முடித்த ஒரு வகுப்பைப் பற்றி எழுதுகிறேன். வெள்ளவத்தையில் காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு பழைய வீட்டின் முன்விறாந்தையிலும் அதை அடுத்த அறையிலும் நடக்கிற வகுப்பு அது. பெயர்ப்பலகை கிடையாது. தன் பெயரையும் வீட்டு இலக்கத்தையும் எங்கேயும் போடவேண்டாம் என்று ரீச்சர் கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை, ஆட்கள் எல்லாரும் ஒருவர் சொல்லி ஒருவர் வருகிறவர்கள்தான். ஆறு சனிக்கிழமை, பின்னேரம் மூன்றரையில் இருந்து ஆறு மணி வரை, மொத்தம் 7,500 ரூபா, போட்டோக் கொப்பிக்குத் தனியாக 500. இந்த ஆறு கிழமையும் அவர் எடுத்தது ஒரே ஒரு வினை அமைப்பை மட்டும்தான்: ‘ஐ ஹேவ் சென்ட்’, ‘ஷீ ஹேஸ் கோன்’ என்று ஹேவ், ஹேஸ் போட்டு எழுதுகிறோமே, அந்த அமைப்பு, அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற ஹேட்.

ஒன்றுக்கு ஆறு கிழமையா என்று எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் நான் அங்கே போனதற்குக் காரணமே அந்த ஒன்றுதான்.

நான் கோட்டையில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் வேலை செய்கிறேன். நாள் முழுக்க ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுவதுதான் வேலை. பேசுவது குறைவு, எழுதுவது அதிகம். போன வருடம் இங்கிலாந்தில் இருக்கிற ஒரு கொள்வனவாளருக்கு ‘தி ஒரிஜினல் டொகியுமென்ட்ஸ் ஹேட் பீன் கூரியர்ட் ஒன் மன்டே’ என்று எழுதினேன். மூல ஆவணங்களைத் திங்கட்கிழமை கூரியரில் அனுப்பியிருந்தோம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்த அம்மா பணத்தைப் போடாமல் நிறுத்திவைத்துவிட்டு, ஆவணங்களுக்கு அதன்பிறகு என்ன நடந்தது, திரும்பி வந்துவிட்டனவா, தொலைந்துவிட்டனவா என்று கேட்டு எழுதினார். ஒன்றும் நடக்கவில்லை, பொதி லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதை விளக்கி எழுதி, கூரியர் இலக்கத்தையும் அனுப்பி, அவர் நம்பிப் பணம் போட இரண்டு நாள் ஆனது. என் மேலாளர் என்னைக் கூப்பிட்டு வாக்கியத்தைக் காட்டினார். எங்கே பிழை என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொம்பியூட்டரில் உள்ள திருத்தியும் அந்த வாக்கியத்துக்குக் கீழே ஒரு கோடுகூடப் போடவில்லை, ஏனென்றால் இலக்கணப்படி அந்த வாக்கியத்தில் குறை இல்லை. அது நான் நினைத்ததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு முன்பும் நான் ஆங்கில வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். பள்ளிக்கூடக் காலத்தில் ஒன்று, வேலைக்கு வந்தபிறகு ஒன்று. இரண்டிலும் பன்னிரண்டு கட்டம் போட்ட ஒரு பெரிய அட்டவணையைக் கொடுத்து, இது இறந்தகாலம், இது நிகழ்காலம், ஒவ்வொன்றிலும் நான்கு வகை, பாடமாக்கு என்றார்கள். பாடமாக்கினேன், பரீட்சையில் வெற்றிடமும் நிரப்பினேன். அந்தக் கட்டங்களில் எது எப்போது வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

இங்கே முதல் சனிக்கிழமை ரீச்சர் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் எழுதவில்லை. பலகையில் தமிழில் இரண்டு வரி எழுதினார். ‘இரவு மழை பெய்தது.’ ‘இரவு மழை பெய்திருக்கிறது.’ என்ன வித்தியாசம் என்று கேட்டார்.

இருபது நிமிடம் வகுப்பே சண்டை போட்டது. எல்லாருக்கும் வித்தியாசம் தெரிகிறது, சொல்லத்தான் வரவில்லை. கடைசியில் மட்டக்களப்பில் இருந்து வந்து இங்கே ஒரு வங்கியில் வேலை செய்கிற தங்கச்சி ஒருவர் சொன்னார்: முதலாவது, மழை பெய்யும்போது நான் விழித்திருந்தேன். இரண்டாவது, காலையில் கதவைத் திறந்தேன், ஒழுங்கை ஈரமாக இருந்தது. ரீச்சர் அப்படியே கையைத் தட்டினார். அதுதான் தமிழில் அந்த ‘இருக்கிறது’ செய்கிற வேலைகளில் ஒன்று, கண்ணால் காணாததை அடையாளம் பார்த்துச் சொல்வது. இரவு என்று நேரத்தைச் சொன்னாலும் தமிழுக்கு ஒரு தடையும் இல்லை. ஆங்கிலத்தில் ‘இட் ஹேஸ் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று எழுதினால் பிழை. லாஸ்ட் நைட் என்று சொன்ன உடனேயே அந்த நேரம் முடிந்து மூடப்பட்டுவிடுகிறது, மூடிய நேரத்துக்குள் ஹேவ் நுழையாது. ‘இட் ரெய்ன்ட் லாஸ்ட் நைட்’ என்று சாதாரண இறந்தகாலத்தில் எழுதவேண்டும். அல்லது, அந்த ஈரத்தைப் பார்த்து ஊகிக்கிற தொனி வேண்டும் என்றால் ‘இட் மஸ்ட் ஹேவ் ரெய்ன்ட்’ என்று மஸ்ட்டைக் கொண்டுவர வேண்டும். நம்முடைய இருக்கிறதும் அவர்களுடைய ஹேவும் ஒரே ஆள் என்று நினைத்துத்தான் இத்தனை வருடம் நான் எழுதியிருக்கிறேன். பல இடத்தில் ஒரே மாதிரித் தெரியும், ஆனால் வேறு ஆட்கள்.

‘ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர் யெஸ்டர்டே’ என்று கொழும்பில் எத்தனை ஆயிரம் கடிதங்களில் எழுதப்படுகிறது! தமிழில் ‘உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்திருக்கிறது’ என்பது சுத்தமான வாக்கியம், அதனால் கை தானாகவே அப்படி எழுதுகிறது. ‘நேற்றே அனுப்பிவிட்டேன்’ என்பதை ‘ஐ ஹேவ் சென்ட் இட் யெஸ்டர்டே இட்செல்ஃப்’ என்று எழுதுகிறோம். அந்த இட்செல்ஃப் நம்முடைய ஏகாரம், அந்த ஹேவ் நம்முடைய ‘விட்டேன்’. வாக்கியம் முழுக்கத் தமிழ், உடுப்பு மட்டும் ஆங்கிலம். ரீச்சர் இதைப் பிழை என்று சொல்லி அடித்துப்போடுவதில்லை. முதலில் தமிழை எழுதச் சொல்வார், எந்த எழுத்து எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டுவார், அதன்பிறகுதான் யெஸ்டர்டேயை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா ஹேவை வைத்துக்கொள்ளப் போகிறீர்களா என்று கேட்பார். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. கடிதம் கையில் இருக்கிறது, அடுத்த வேலையைத் தொடங்கலாம் என்பது முக்கியம் என்றால் ‘ஐ ஹேவ் ரிசீவ்ட் யுவர் லெட்டர்’, நாளைச் சொல்லாதே. எந்த நாள் வந்தது என்பது முக்கியம் என்றால் ‘ஐ ரிசீவ்ட் யுவர் லெட்டர் யெஸ்டர்டே’. எப்போது என்று கேட்கும் கேள்வியும் அப்படித்தான், ‘வென் ஹேவ் யூ சென்ட்’ என்று வராது, ‘வென் டிட் யூ செண்ட்’. என் வேலையில் மட்டும் ஒரு நாளைக்கு இருபது தடவை இந்தத் தெரிவு வருகிறது.

இரண்டாவது சனிக்கிழமைதான் என்னுடைய ஹேட் பிரச்சினை வந்தது, அதற்காகவே நான் அந்த வகுப்புக்கு நன்றி சொல்வேன். ரீச்சர் எங்களிடம் ஒரு தமிழ்ச் செய்தியைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். நான் போனில் வந்த ஒன்றை அச்செடுத்துக்கொண்டு போனேன். அமைச்சர் தெரிவித்திருந்தார், கூட்டம் இடம்பெற்றிருந்தது, பொலிஸார் கைது செய்திருந்தனர். இலங்கைத் தமிழ்ச் செய்தியை வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும், பாதி வாக்கியங்கள் ‘இருந்தார்’, ‘இருந்தது’ என்றுதான் முடியும். நாமும் அப்படித்தான் பேசுகிறோம், ‘நான் உங்களுக்கு மெசேஜ் போட்டிருந்தேனே’ என்று. போட்டேன் என்றால் கொஞ்சம் வெட்டென்று இருக்கிறது, போட்டிருந்தேன் என்றால் மரியாதையாக இருக்கிறது. அதை அப்படியே ஆங்கிலத்தில் ஹேட் ஆக்கிவிடுகிறோம். ஆங்கிலம் வாசிக்கிறவருக்கு ஹேட் என்பது மரியாதைச் சொல் கிடையாது. இறந்தகாலத்தில் ஒரு புள்ளி இருக்கிறது, அதற்கும் முன்னால் நடந்தது இது என்று சொல்கிற அடையாளம் அது. ‘நான் போவதற்கு முன்னமே ரயில் போயிருந்தது’ என்று சொல்லும்போது வருகிற ஹேட். அந்த இன்னொரு புள்ளியைச் சொல்லாமல் ஹேட்டை மட்டும் வைத்தால் வாசிக்கிறவர் அந்தப் புள்ளியைத் தேடுவார். பிறகு என்ன நடந்தது என்று கேட்பார். என் கொள்வனவாளர் கேட்டது அதைத்தான்! ‘வேர் கூரியர்ட் ஒன் மன்டே’ என்று எழுதியிருந்தால் இரண்டு நாள் மிச்சம். இந்த ஒரு விளக்கத்துக்கே 7,500 ரூபா தகும் என்று எனக்குப் பட்டது. அன்றிரவு வீட்டுக்கு வந்து என் அலுவலக மின்னஞ்சலில் ஹேட் பீன் என்று தேடிப்பார்த்தேன். பக்கம் பக்கமாக வந்தது. ஒன்றில்கூட அந்த இன்னொரு புள்ளி இல்லை.

சின்ஸ் விஷயத்தையும் சொல்லவேண்டும், வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு இது மிகவும் தேவை. தமிழில் ‘2016இல் இருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்று நிகழ்காலம் போடுகிறோம், நியாயம்தான், இப்போதும் செய்கிறேன். ஆகவே சீவியில் ‘ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2016’ என்று எழுதுகிறோம். ஆங்கிலம் அங்கே ‘ஐ ஹேவ் பீன் வேர்க்கிங்’ என்று கேட்கிறது, அன்று தொடங்கி இன்று வரை நீளுகிற கயிற்றுக்கு ஹேவ்தான் பிடி. இது தெரியாவிட்டால் ஆள் ஆங்கிலத்தில் கொஞ்சம் தடுமாறுகிறார் என்று நினைப்பார்கள், அவ்வளவோடு போய்விடும். அதைவிடப் பெரிய சேதம் ‘ஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்று எழுதும்போது நடக்கிறது. ‘ஐ வேர்க்ட் தெயர் ஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்றால் மூன்று வருடம் செய்தேன், விட்டுவிட்டேன். ‘ஐ ஹேவ் வேர்க்ட் ஹியர் ஃபோர் த்ரீ இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். வகுப்பில் ஒரு தம்பி தன்னுடைய சீவியைக் கொண்டுவந்தார், இப்போது பார்த்துக்கொண்டிருக்கிற வேலைக்கு வேர்க்ட் என்று போட்டிருந்தார். நேர்முகத்தில் ஏன் வேலையை விட்டீர்கள் என்று இரண்டு இடத்தில் கேட்டார்களாம், தான் விடவில்லையே, ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்று அவருக்குக் குழப்பம். வகுப்பில் அதைக் கண்டுபிடித்தபோது அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, கோபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தது.

கோன், பீன் வித்தியாசமும் அப்படித்தான். ‘நான் சிங்கப்பூர் போயிருக்கிறேன்’, ‘அண்ணா சிங்கப்பூர் போயிருக்கிறார்.’ இரண்டிலும் அதே போயிருக்கிற. முதலாவதில் நான் போய்த் திரும்பி வந்து உங்கள் முன்னால் நிற்கிறேன், இரண்டாவதில் அண்ணா இன்னும் வரவில்லை. தமிழ் கேட்கிறவருக்கு ஆளைப் பார்த்தாலே விளங்கும். ஆங்கிலம் இதை இரண்டாகப் பிரித்துவிட்டது, போய் வந்தவருக்குப் பீன், போனவருக்குக் கோன். ‘ஐ ஹேவ் கோன் டு சிங்கப்பூர்’ என்று கொழும்பில் இருந்துகொண்டு எழுதினால் வாசிக்கிறவருக்கு நான் அங்கே இருக்கிறேனா இங்கே இருக்கிறேனா என்று சந்தேகம் வரும். ‘போயிட்டு வாறேன்’ என்பதை ‘ஐ வில் கோ அண்ட் கம்’ என்று சொல்கிற ஊர் நமது ஊர், போவதையும் வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் நமக்கு நிம்மதி. அந்தப் பீனுக்குள் ஏற்கெனவே வருவது இருக்கிறது என்று ரீச்சர் சொன்னபோது எனக்கு அந்தச் சொல்லே பிடித்துப்போனது.

மூன்றாவது சனிக்கிழமை முழுக்க வெட்டி ஒட்டுவது. ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலப் பத்திரிகை, வங்கி அனுப்புகிற குறுஞ்செய்தி, தொடர்மாடி லிஃப்டில் ஒட்டியிருக்கிற அறிவித்தல், போனில் வருகிற செய்திகள், எல்லாவற்றையும் கொண்டுவரச் சொல்லி இரண்டு நிறப் பேனையால் கோடு போடவைத்தார், ஹேவ் வருகிற இடத்துக்குப் பச்சை, சாதாரண இறந்தகாலத்துக்குச் சிவப்பு. பத்திரிகைச் செய்திகளில் திரும்பத் திரும்ப ஒரே ஒழுங்கு தெரிந்தது. முதல் வரி பச்சை, அதற்குப் பிறகு சிவப்பு, சிவப்பு, சிவப்பு. மத்திய வங்கி வட்டி வீதத்தைக் குறைத்துள்ளது என்ற மாதிரியான புதுச் செய்தி முதல் வரியில் ஹேஸ் போட்டு வரும், அது சுடச்சுட இருக்கிற செய்தி, இப்போதும் நம்மைத் தொடுகிறது. எந்த நாள் கூடினார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அடுத்த வரிக்கு இறங்கியதும் சாதாரண இறந்தகாலம். நம்முடைய பத்திரிகையின் ‘உள்ளது’, ‘உள்ளார்’ இந்த முதல் வரி ஹேஸோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நாம் இரண்டாவது வரியிலும் ‘நேற்றுத் தெரிவித்துள்ளார்’ என்று தொடருவோம், ஆங்கிலம் அங்கே கழற்றிவிடும்.

குறுஞ்செய்திகளில் எல்லாம் ‘ஹேஸ் பீன்’ மயம். கணக்கில் இருந்து பணம் கழிக்கப்பட்டுள்ளது, கடவுச்சொல் மாற்றப்பட்டுள்ளது, பொதி அனுப்பப்பட்டுள்ளது. எல்லாமே இப்போது நிலைமை இது, தேவையென்றால் ஏதாவது செய் என்று சொல்கிற வாக்கியங்கள். அதற்கு நடுவில் ஒரு அக்கா வட்ஸ்அப்பில் வருகிற ‘திஸ் மெசேஜ் வாஸ் டிலீட்டட்’ என்பதைக் காட்டி, இது மட்டும் ஏன் வாஸ் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஹேஸ் பீன் என்று இருந்தாலும் பிழையில்லை என்றார் ரீச்சர். ஆனால் உரையாடலில் அந்த இடத்தில், அந்த நேரத்தில் நடந்து முடிந்த ஒன்றைப் பதிவாக வைப்பதற்கு வாஸ் போதும், அழித்த செய்தியைப் பார்த்து நீங்கள் செய்வதற்கு ஒன்றும் இல்லை, பொதி புறப்பட்டிருக்கிறது என்றால் வாசலில் ஆள் இருக்கவேண்டும். இந்த விளக்கம் எவ்வளவு தூரம் எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன், ஆனால் அன்று முதல் போனில் எந்த அறிவித்தல் வந்தாலும் கண் முதலில் வினைக்குத்தான் போகிறது.

லிஃப்ட் அறிவித்தலில் ‘ஹேஸ் பீன் ரிப்பெயர்ட் ஒன் 14’ என்று திகதியோடு இருந்ததை எல்லாரும் சேர்ந்து திருத்தினோம்.

நான்காவது சனிக்கிழமையை நான் மறக்கமாட்டேன். வீட்டில் வேலைக்குப் போன ஒருவரைப் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னார். நான் அப்பாவைப் பற்றி எழுதினேன். கொழும்புத் துறைமுகத்தில் இலிகிதராக 31 வருடம் வேலை செய்தவர். ‘மை ஃபாதர் ஹேஸ் வேர்க்ட் இன் தி கொலம்போ போர்ட் ஃபோர் 31 இயர்ஸ்’ என்று தொடங்கியிருந்தேன். சின்ஸ், ஃபோர் எல்லாம் சரியாக வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்தேன். ரீச்சர் கொப்பியைப் பார்த்துவிட்டு என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “அப்பா இருக்கிறாரா, தம்பி?” என்று கேட்டார்.

“இல்லை ரீச்சர். ஆறு வருடமாகிறது.”

அவர் சிவப்புப் பேனையை எடுக்கவில்லை. “அப்படியென்றால் இங்கே ஹேஸ் நிற்காது, அப்பன். வாசிக்கிறவர் அவர் இருக்கிறார் என்று நினைப்பார்” என்றார். தமிழில் ‘அப்பா 31 வருடம் துறைமுகத்தில் வேலை செய்திருக்கிறார்’ என்று இன்றும் சொல்லலாம், நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், யாரும் என்னைத் திருத்தமாட்டார்கள். ஆங்கிலத்தில் அப்பாவை எழுவாயாக வைத்து ஹேவ் போட்டால் அவருடைய வாழ்க்கை இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள், இல்லாதவருக்கு அது ஒத்துவராது. ‘ஹீ வேர்க்ட்’ என்று மாற்றி எழுதினேன். கை கொஞ்சம் நின்றது என்பது உண்மை. அதைப் பார்த்தோ என்னவோ, அவர் கீழே ஒரு வரியைக் காட்டினார். அப்பா எனக்குக் கணக்குப் புத்தகம் எழுதப் பழக்கினார் என்ற அர்த்தத்தில் ‘ஹீ ஹேஸ் டோட் மீ’ என்று எழுதியிருந்தேன். அதை ‘ஐ ஹேவ் லேர்ன்ட் ஃப்ரம் ஹிம்’ என்று மாற்றிப் பாருங்கள் என்றார். எழுவாய் நான், நான் இருக்கிறேன், ஆகவே ஹேவ் திரும்பி வந்துவிட்டது. இந்த விதியை எந்தக் கட்டம் போட்ட அட்டவணையில் இருந்தும் நான் படித்திருக்க முடியாது.

ஐந்தாவது கிழமை வினைகளின் மூன்றாவது வடிவத்துக்குப் போனது, ரிட்டன், டேக்கன், கோன் போன்றவை. இதில் சொல்ல அதிகம் இல்லை. அலுவலகக் கடிதத்தில் வருகிற ஒழுங்கில்லாத வினைகள் நாற்பதுக்குள்தான், அவற்றை மட்டும் ஒரு தாளில் கொடுத்தார், ‘ஹேவ் வென்ட்’, ‘ஹேவ் கேம்’ என்று எழுதுகிறவர்களுக்கு அது போதும். அன்று சொன்ன ஒரு சின்ன விஷயம் மட்டும் மனதில் நின்றது. பேச்சில் ஹேவ் சுருங்கி வெறும் ‘வ்’ என்று ஆகிவிடுவதால் காதுக்கு அது சரியாக விழாது, அதனால்தான் பிள்ளைகள் ‘ஐ பீன்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் ‘ஷுட் ஹேவ்’ என்பதை ‘ஷுட் ஒஃப்’ என்று எழுதுவதுண்டு, காதால் கேட்டதை எழுதினால் யாருக்கும் அது நடக்கும்.

அதோடு, இந்த ஹேவ் அங்கே எப்படி வந்து உட்கார்ந்தது என்றும் சொன்னார். பழைய ஆங்கிலத்தில் ‘எழுதி முடித்த நிலையில் கடிதம் என்னிடம் இருக்கிறது’ என்கிற மாதிரி, வைத்திருத்தல் என்ற பொருளில்தான் இது தொடங்கியதாம், போகப்போக உடைமைப் பொருள் கரைந்து காலத்தைச் சொல்கிற சொல்லாகிவிட்டது. வருதல், போதல் போன்ற வினைகளுக்கு முன்பு ஹேவ் இல்லை, ‘ஹீ இஸ் கம்’ என்று இருத்தலைத்தான் போட்டார்கள், ‘ஹீ இஸ் கோன்’ என்பது இன்றும் மிச்சமிருக்கிறது. தமிழில் ஹேவ் என்று ஒரு வினையே கிடையாது, என்னிடம் இருக்கிறது என்றுதான் சொல்வோம், வந்து இருக்கிறேன் என்றுதான் சேர்ப்போம். அவர்கள் பழையதில் பாதியை விட்டுவிட்டார்கள், நாம் இருத்தலோடே நின்றுவிட்டோம் என்று எனக்குத் தோன்றியது.

சரி, குறைகள். பன்னிரண்டு பேர் இருக்கக்கூடிய இடத்தில் பதினெட்டுப் பேரை உட்காரவைக்கிறார். விறாந்தையில் இடம் கிடைத்தவர்களுக்குப் பலகை பாதிதான் தெரியும். ஒரே ஒரு ஃபேன். கரையோர ரயில் பாதை பக்கத்தில் இருப்பதால் ரயில் போகும்போதெல்லாம் பாடம் நிற்கிறது, ரீச்சர் பழகியவர், வாக்கியத்தின் நடுவில் நிறுத்தி அதே இடத்தில் தொடங்குகிறார், நமக்குத்தான் நூல் அறுந்துவிடுகிறது. போட்டோக் கொப்பிகள் மங்கல், 500 ரூபா வாங்கிக்கொண்டு இப்படித் தருவது சரியில்லை, அவரிடமே சொன்னேன். ஒரு நாள் வராவிட்டால் அந்தப் பாடம் போனதுதான், ஈடுசெய்வது கிடையாது.

இவையெல்லாம் சமாளிக்கலாம். என்னுடைய உண்மையான முறைப்பாடு வேறு: அமெரிக்க வழக்குக்கு அவர் ஒதுக்கியது பத்து நிமிடம். அதுவும் நான் கேட்டதால். எங்களுடைய வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் அமெரிக்காவில் இருக்கிறார்கள், அவர்கள் ‘டிட் யூ செண்ட் இட் யெட்?’, ‘ஐ ஆல்ரெடி பெய்ட்’ என்று எழுதுகிறார்கள். வகுப்பில் படித்தபடி பார்த்தால் யெட், ஆல்ரெடி, ஜஸ்ட் வந்தால் ஹேவ் வேண்டும். பிரித்தானிய வழக்கு அதுதான், அமெரிக்கர்கள் அந்த இடங்களில் சாதாரண இறந்தகாலத்தைத் தாராளமாகப் போடுவார்கள், இரண்டும் சரி என்று ரீச்சர் ஒத்துக்கொண்டார். ஆனால் கொழும்பில் இன்று மென்பொருள் நிறுவனங்களிலும் கணக்கு வேலை எடுத்துச் செய்கிற இடங்களிலும் இருக்கிற எத்தனையோ பிள்ளைகள் நாள் முழுக்க அமெரிக்கர்களுக்குத்தான் எழுதுகிறார்கள். வாடிக்கையாளர் எழுதியதைப் பிழை என்று நினைத்துவிட்டால் அதுவும் ஒரு தப்பான பாடம்தான். இதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை வேண்டும், வெட்டி ஒட்டுகிற தாள்களில் அமெரிக்க மின்னஞ்சலும் இருக்கவேண்டும். இதையும் சொன்னேன், அடுத்த தொகுதியில் பார்க்கலாம் என்றார்.

பேச்சு ஆங்கிலம் தேடுகிறவர்கள் இங்கே போகவேண்டாம், ஆறு கிழமையில் ஒரு தடவைகூட யாரையும் எழுப்பி ஆங்கிலத்தில் பேசச் சொல்லவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் இது அவ்வளவு உதவாது. அலுவலகத்தில் எழுதுகிறவர்கள், கடைக்கு ஒன்லைனில் ஓடர் எடுக்கிறவர்கள், வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதுகிறவர்கள், கையில் ஓரளவு ஆங்கிலம் இருந்தும் நாம் எழுதுவதை மற்றவர் வேறு மாதிரி எடுத்துக்கொள்கிறாரே என்று முழிக்கிறவர்கள், இவர்களுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று அந்த அமெரிக்கப் பத்து நிமிடத்துக்கு.

கடைசிச் சனிக்கிழமை நாங்கள் முன்பு அனுப்பிய மின்னஞ்சல்களையே அச்செடுத்துக் கொண்டுபோய்த் திருத்தினோம். என்னுடைய கூரியர் வாக்கியத்தையும் கொண்டுபோயிருந்தேன். ரீச்சர் அதைப் பலகையில் எழுதி, இந்த ஹேட்டை வைத்துக்கொண்டே இதைச் சரியாக்க முடியுமா என்று வகுப்பைக் கேட்டார். அந்த வங்கித் தங்கச்சிதான் மறுபடியும் கண்டுபிடித்தார், உங்கள் மின்னஞ்சல் எங்களுக்கு வருவதற்கு முன்பே அனுப்பியிருந்தோம் என்று இன்னொரு புள்ளியைச் சேர்த்துவிட்டால் ஹேட் சரியான இடத்தில் நிற்கும்.

அடுத்த தொகுதி பள்ளிக்கூட விடுமுறை முடிந்ததும் தொடங்குகிறது. வெள்ளவத்தைச் சந்தைப் பக்கம் உள்ள போட்டோக் கொப்பிக் கடையில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பு என்று கேட்டால் வழி காட்டுவார்கள், அப்படிச் சொல்ல ரீச்சர் சம்மதித்தார். மோட்டார் சைக்கிளில் போனால் ஒழுங்கைக்குள் நிறுத்த இடமில்லை, 100 அல்லது 101 பஸ்ஸில் வந்து நடப்பது சுகம். முன்பணம் வாங்குவதில்லை, முதல் நாள் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். மூன்றரை என்று சொன்னாலும் மூன்று மணிக்கே போய்விடுங்கள், உள்ளறையில் ஃபேனுக்குக் கீழே இருக்கிற ஆறு கதிரைகளும் முதலில் போய்விடும்.